எம்.பி.ஏ. படிப்பதா, அல்லது இருக்கும் வேலையிலேயே ஊன்றி நிற்பதா? திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

உவர்மலைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவத்தில் பட்டம் பெற்று, கடந்த நான்கு ஆண்டுகளாக நகரில் உள்ள ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் கடன் அதிகாரியாகப் பணிபுரிகிறேன். முச்சக்கர வண்டி லீசிங், படகுக் கடன், உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கான சிறு கடன் ஆகியவற்றுக்கு விண்ணப்பம் எடுப்பதும், பிறகு அதே ஆட்களின் வாசலில் போய் நின்று தவணை கேட்பதும்தான் என் வேலை. இந்த வேலை எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் இதற்குப் பிறகு எங்கே போவது என்பது தெரியவில்லை. கிளை முகாமையாளர் பதவிக்கு எனக்கு முன்னால் நிற்பவர்கள் என்னைவிட ஓரிரண்டு வயதே மூத்தவர்கள் என்பதால், அந்த வரிசை இப்போதைக்கு நகரப் போவதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. துறைமுக அதிகாரசபையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பட்டதாரி நியமனம் வரும்வரை காத்திருந்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்துவிடச் சொல்கிறார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பகுதியைப் பொறுப்பெடுக்கக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் இப்போதையதைவிடச் சற்று அதிகம். மூன்றாவதாக நானே யோசிப்பது, கொழும்பில் வார இறுதி வகுப்பாக எம்.பி.ஏ. (வணிக நிர்வாக முதுமாணி) படிப்பது. நான் விசாரித்த இடங்களில் கட்டணம் ஆறு இலக்கத்தில் தொடங்கி ஏழு இலக்கம் வரை போகிறது. அம்மா தன் நகையை அடகு வைத்தாவது படி என்கிறார். தம்பி இன்னும் உயர்தரம் எழுதவில்லை. அவனுடைய வகுப்புச் செலவில் பாதி என்னுடையது.

என் வகுப்பில் படித்தவர்களில் பலர் இப்போது ஏதோ ஒரு முதுமாணிப் படிப்பில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து வந்த பதற்றமா, உண்மையிலேயே எனக்கு அந்தப் படிப்பு வேண்டுமா என்பதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வெளிப்படையாக எழுத வேண்டுகிறேன்.

கிண்ணியா_வாசி

சகோதரி, உங்கள் தகப்பனாரின் பேச்சை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நான் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். சம்பளம் பெரிதல்ல, ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிறேன், விடுமுறைக்கு ஒழுங்கு இருக்கிறது, மாத முடிவில் இலக்கை எட்டவில்லை என்று யாரும் தொலைபேசியில் அதட்டுவதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போன மாதங்களில், தனியாரில் இருந்த என் நண்பர்கள் எத்தனை பேர் வேலையை எண்ணி நித்திரையில்லாமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பட்டதாரி நியமனத்துக்கு உங்கள் முதற் பட்டமே போதும், எம்.பி.ஏ. இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கும் அப்படித்தான். சேவைக்குள் போனபின் மேல் வகுப்புக்கு உயரும்போதுதான் பட்டப்பின் தகைமையின் தேவை வருகிறது. அந்தந்தச் சேவையின் விதிகளைச் சொல்லும் பிரமாணக் குறிப்பில் எந்த வகைப் படிப்பு ஏற்கப்படும் என்று எழுதியிருப்பார்கள். ஆகவே அரசாங்கம்தான் உங்கள் முடிவென்றால், இப்போது எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டுவது முறை மாறிய செலவு. நியமனம் எப்போது வரும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், அதை நம்பி இருக்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சீனன்குடா

தங்கச்சி, நான் பொறியியலாளர். சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து தொடங்கியவன். முப்பது வயது கடந்த பிறகுதான் எம்.பி.ஏ. படித்தேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய மாற்றம். அதற்கு முன் ஐந்தொகை என்றால் என்ன, தேய்மானத்தை ஏன் செலவாகக் காட்டுகிறார்கள், புதிய இயந்திரம் கேட்டு நான் அனுப்பும் கடிதத்தை நிதிப் பிரிவு ஏன் திருப்பி அனுப்புகிறது என்பதொன்றும் எனக்குப் புரியவில்லை. இயந்திரம் பழுதாகிறது, ஆகவே புதியது வேண்டும் என்று எழுதுவேன். அது எத்தனை ஆண்டுகளில் தன் விலையை மீட்டுத் தரும் என்று எழுத வேண்டும் என்பதை அந்தப் படிப்புத்தான் எனக்குக் காட்டியது.

ஆனால் உங்கள் நிலை வேறு. நீங்கள் நான்கு ஆண்டுகள் படித்ததே முகாமைத்துவம். எம்.பி.ஏ.வின் முதலாம் ஆண்டுப் பாடங்களை எடுத்துப் பாருங்கள்: கணக்கியல், சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை, மனிதவளம், பொருளியல், புள்ளிவிபரவியல். பெரும்பாலும் பொறியியலாளர்களையும் மருத்துவர்களையும் விஞ்ஞானப் பட்டதாரிகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவருவதற்காக வைத்த பாடங்கள் அவை. எங்கள் வகுப்பில் இருந்த வணிகப் பட்டதாரிகள் முதலாம் ஆண்டு முழுவதும் ஏற்கனவே படித்ததைத்தான் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் சிலர் எங்களுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுத்தே பொழுதைப் போக்கினார்கள்.

கணக்குக்குறிப்பு

நான் பட்டயக் கணக்காளர். கணக்கிலிருந்து தொடங்குவது என் பழக்கம் என்பதால் மன்னிக்கவும்.

முதலில் நேரம். பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப் புள்ளி என்பது 50 மணிநேரக் கற்றல். பாடநெறியாக மட்டும் அமையும் முதுமாணி 9ஆம் மட்டத்தில் வருகிறது. அதற்கு 30 புள்ளிகள். ஆய்வையும் உள்ளடக்கிய முதுமாணி 10ஆம் மட்டத்தில் வருகிறது. அதற்கு 60 புள்ளிகள். இரண்டாவது வகையை எடுத்தால் மொத்தம் 3,000 மணிநேரம். இரண்டு ஆண்டுகளில் முடிப்பதென்றால், பண்டிகை, காய்ச்சல், கலியாண வீடு எதையும் கழிக்காமல், வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணிநேரம். முழுநேர வேலையுடன் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் அதிகமானோர் கொழும்பிலோ அதன் அயலிலோ வசிப்பவர்கள். நீங்கள் வெள்ளி இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறி, சனி காலை கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய், ஞாயிறு இரவு மறுபடி ஏறித் திங்கள் காலை எட்டரைக்குக் கிளையில் நிற்க வேண்டும். அந்த இரவுகள் 29 மணிநேரக் கணக்கில் சேராதவை.

அடுத்தது பணம். பத்து இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 18 சதவீதத்தில், மாதத்துக்கு 1.5 சதவீதமாக, 24 மாதத் தவணைக்கு எடுத்தால் மாதாந்தம் 49,924 ரூபாய் கட்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்த அட்டவணை. போக்குவரத்தும் கொழும்பில் தங்குவதும் வேறு. அம்மாவின் நகையை அடகு வைத்தாலும் வட்டி வட்டிதான். அதை மீட்கும் திகதி தம்பி பல்கலைக்கழகம் போகும் காலத்தில் வந்து நிற்கும்.

இனி என் கேள்வி. இந்த நான்கு ஆண்டுகளில், “இது எனக்குத் தெரிந்திருந்தால் இந்த வேலையை நன்றாகச் செய்திருப்பேன்” என்று நீங்கள் நினைத்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். படிப்பின் பெயர் வேண்டாம். சந்தர்ப்பத்தை மட்டும் எழுதுங்கள்.

ஸ்காபரோ_வாசகன்

வெளிநாடு வரும் எண்ணம் ஒரு மூலையில் இருந்தால் இதையும் பாருங்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளி முறையில், தனியாக விண்ணப்பிப்பவருக்கு அடிப்படைப் புள்ளியாக இளமாணிப் பட்டத்துக்கு 120, முதுமாணிக்கு 135. வயதுக்கு 29 வரை முழுப் புள்ளியான 110 கிடைக்கும். 30 வயதில் 105, 31 வயதில் 99. அதாவது இரண்டு ஆண்டுகள் செலவழித்து அடிப்படைப் புள்ளியில் பதினைந்தைக் கூட்டும்போது, வயது ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பரீட்சையில் ஒரு படி உயர்த்தினால் அதைவிட அதிகமாகக் கிடைக்கக்கூடும். குடியேற்றத்துக்காக மட்டும் எம்.பி.ஏ. படிப்பது வீண்.

உவர்மலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஸ்காபரோ அண்ணா, வெளிநாடு போகும் யோசனை இப்போதைக்கு எனக்கு இல்லை.

கணக்குக்குறிப்பு ஐயா கேட்ட சந்தர்ப்பம் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் எங்கள் கிளையில் கடன் எடுத்த விடுதிக்காரர்கள் மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஒரு தவணையும் பிந்தாமல் கட்டுவார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளித்தவுடன், சுற்றுலாப் பயணிகள் போகும் புறாத்தீவுக்குப் படகு ஓடாது, அறைகள் காலியாகும், நொவெம்பரில் நிலுவை ஏறத் தொடங்கும். ஒவ்வோர் ஆண்டும் இதே கதை. ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பரில் நான் மழைக்குள் ஸ்கூட்டரில் போய் அதே வாசல்களில் நிற்கிறேன். தண்டப்பணம் போடுகிறோம், அது அவர்களுடைய அடுத்த பருவத்து வருமானத்தை அரிக்கிறது.

பருவத்துக்கு ஏற்றபடி தவணையை மாற்றினால் என்ன என்று கிளைக் கூட்டத்தில் கேட்டேன். முகாமையாளர் மறுக்கவில்லை; நிறுவனத்துக்கு இதனால் நட்டமில்லை என்பதைக் கணக்காக எழுதித் தந்தால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்றார். எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வளாகத்தில் நிகழ்காலப் பெறுமதி (பிறகு வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு) படித்தேன், பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் ஒரு உண்மையான கடனை எடுத்து வைத்துச் செய்யச் சொன்னபோது கை ஓடவில்லை. அந்த யோசனை அப்படியே நின்றுவிட்டது. எம்.பி.ஏ. படித்திருந்தால் இதைச் செய்திருப்பேன் என்று அன்றுதான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

கணக்குக்குறிப்பு

இப்போதுதான் பேசுவதற்கு ஏதோ கிடைத்திருக்கிறது. நீங்கள் சொன்ன கடனையே எடுத்துக்கொள்வோம். எக்செல் தாள் ஒன்றைத் திறந்து என்னோடு வாருங்கள்.

அதே பத்து இலட்சம், அதே 1.5 சதவீத மாத வட்டி, அதே 24 மாதம். கடன் நொவெம்பரில் தொடங்குகிறது. சம தவணை 49,924 ரூபாய் என்றால் மொத்தமாகத் திரும்பி வருவது ஏறக்குறைய 11,98,000 ரூபாய். இனி உங்கள் யோசனை. முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டட்டும். அது மாதம் 15,000 ரூபாய். மே தொடக்கம் ஒக்டோபர் வரை ஆறு பெரிய தவணைகள். பிறகு மறுபடி ஆறு மாதம், மிஞ்சிய முதல்தொகைக்கு வட்டி மட்டும். அதன்பின் கடைசி ஆறு பெரிய தவணைகளோடு கடன் முடிகிறது. பெரிய தவணைகள் பன்னிரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 91,680 ரூபாய் வருகிறது. முதலாவது பருவம் முடியும்போது மிஞ்சும் முதல்தொகை 5,22,000 ரூபாய் அளவில் நிற்கும்; இரண்டாவது மழைக்காலத்தில் கட்ட வேண்டிய மாத வட்டி 7,835 ரூபாய் மட்டுமே.

எல்லாவற்றையும் கூட்டினால் நிறுவனத்துக்கு 12,37,000 ரூபாய் வருகிறது. சம தவணையைவிட ஏறக்குறைய 39,000 ரூபாய் அதிகம், ஏனென்றால் முதல்தொகை அதிக காலம் வெளியே நிற்கிறது. வட்டி வீதம் மாறவில்லை என்பதால் அதே 1.5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார்த்தால் இரண்டு அட்டவணைகளின் நிகழ்காலப் பெறுமதியும் ஒரே பத்து இலட்சம்தான். “நிறுவனத்துக்கு நட்டமில்லை” என்று நீங்கள் எழுத வேண்டியிருந்த கணக்கு இவ்வளவுதான். தலைமை அலுவலகம் கேட்கக்கூடிய உண்மையான கேள்வி வேறு: முதல் ஆறு மாதமும் முதல்தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லையே, அதற்குள் ஆள் கைவிரித்தால் என்ன செய்வது? அதற்குப் பதிலை உங்கள் கிளையின் பழைய நிலுவைப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதே விடுதிக்காரர்கள் கடந்த பருவங்களில் எந்த மாதத்தில் பிந்தினார்கள், எந்த மாதத்தில் முழுவதையும் கட்டிச் சரிசெய்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்தப் பதிவேடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. உங்கள் அலுமாரியில் இருக்கிறது.

இதற்காகப் பத்து இலட்சம் செலவழித்து இரண்டு ஆண்டு ரயிலேற வேண்டுமா என்பதே என் சந்தேகம். ஓர் அத்தியாயத்தைப் பயிற்சியோடு மறுபடி படித்தால் போதும். அதன் பிறகும் நிதித்துறையில் ஆழமாகப் போக ஆசை இருந்தால், முகாமைத்துவக் கணக்காளர்களுக்கான சீமா (CIMA) போன்ற தொழில்முறைப் பரீட்சைகளில் உங்கள் பட்டத்துக்குச் சில பாடங்களில் விலக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அவற்றை வீட்டிலிருந்து, ஒரு பாடம் ஒரு பாடமாக, பணத்தையும் அப்படியே பிரித்துக் கட்டிப் படிக்கலாம். இடையில் நிறுத்தினாலும் சித்தியடைந்த பாடம் கையில் இருக்கும்.

நிலாவெளி_அக்கா

கடன் கட்டும் பக்கத்திலிருந்து ஒருத்தி பேசலாமா? எனக்கு ஆறு அறையுள்ள சிறு விடுதி இருக்கிறது. தங்கச்சி எழுதிய டிசெம்பர் மாதத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வாசலின் மறுபக்கம் நின்று பார்க்கிறேன். மேலே போட்ட கணக்கில் 91,680 என்பதைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. ஆனாலும் ஜூலையில் அதைக் கட்டுவது, டிசெம்பரில் 49,924 கட்டுவதைவிட எனக்கு இலகு. இப்படி ஒரு கடனை யாராவது தந்தால் நாளைக்கே கையெழுத்து வைப்பேன்.

உங்களைக் கேட்டிருக்கும் ஹோட்டல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பருவம் முடிந்த மாதங்களில் அடிப்படைச் சம்பளம் மட்டும் தருவார்களா, சேவைக் கட்டணப் பங்கு அந்த மாதங்களில் எவ்வளவு வரும், ஊழியர் சேமலாப நிதியை எந்தத் தொகைக்குக் கணக்கிடுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள். ஓகஸ்ட் மாதச் சம்பளத்தைக் காட்டி ஆள் எடுப்பது இங்கே வழக்கம். எங்களைப் போன்ற இடங்களுக்கு எம்.பி.ஏ. படித்த பிள்ளை தேவையுமில்லை, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களிடமும் இல்லை.

மடத்தடி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். இனிச் சும்மா இருக்க முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கிளையிலேயே உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

நானும் திருகோணமலைக்காரி, ஒரு வங்கியில் கிளையில் தொடங்கி, இப்போது கொழும்பில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். இடையில் எம்.பி.ஏ. முடித்தேன். கணக்குக்குறிப்பு ஐயாவின் கணக்கில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் அது நடைமுறைக்கு வந்துவிடாது. ஒரு கிளையின் கடன் அதிகாரி அனுப்பும் யோசனை, கிளை முகாமையாளரைத் தாண்டி, பிராந்திய முகாமையாளரைத் தாண்டி, கடன் கொள்கையைத் தீர்மானிக்கும் குழுவின் மேசைக்குப் போக வேண்டும். அந்த மேசையில் நிலாவெளிக் கடலை டிசெம்பரில் கண்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அங்கே உட்காருவதற்கு ஆள் எடுக்கும்போது, விண்ணப்பங்களை முதலில் பிரிப்பவர் உங்கள் அலுமாரியிலுள்ள பதிவேட்டைப் பார்ப்பதில்லை. முதுமாணி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கட்டைப் பிரிக்கிறார். அது நியாயமா என்பது வேறு விவாதம்.

அடுத்தது, வகுப்பில் படித்த பாடம் எனக்கும் பாதி தெரிந்ததுதான். எனக்குத் தெரியாதது மற்ற நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பது. எங்கள் குழு வேலைகளில் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இருந்து ஒருவர், ஆடைத் தொழிற்சாலையில் இருந்து ஒருவர், மருந்து இறக்குமதியில் இருந்து ஒருவர். கிளையில் இருந்த காலத்தில் கூட்டத்தில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேச நான் முதல் நாளே எழுதிப் பாடமாக்குவேன்; இரண்டு ஆண்டு வாரம் தவறாமல் எழுந்து நின்று பேசியதில் அந்தப் பயம் போனது. இதைத் தொழில்முறைப் பரீட்சைக்கு வீட்டில் தனியாகப் படித்து யாரும் பெற்றுக்கொள்ள முடியாது.

தங்கச்சி, செலவு பெரிது என்பது உண்மை. பயணம் கஷ்டம் என்பதும் உண்மை. ஆனால் 28 வயதில் கஷ்டமென்று தள்ளிப் போட்டால், கலியாணமும் குழந்தையும் வந்தபின் அது இலகுவாகப் போவதில்லை. ஆண்பிள்ளைகளிடம் “பிறகு படிக்கலாம்” என்று சொல்வதும் நமக்கு அதையே சொல்வதும் ஒன்றல்ல.

சீனன்குடா

மடத்தடி அக்கா சொன்ன கடைசி விடயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நான் முப்பது கடந்து படித்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டது என் மனைவிதான்.

வந்தாறுமூலை

நான் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. மடத்தடி சொல்வது உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை அவரே தன் கதைக்குள் வைத்திருக்கிறார்: அவர் படித்த காலத்தில் எந்தத் துறையில் மேலே போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வங்கியை விட்டு வேறெங்கும் போகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. எது வேண்டுமென்று தெரியாமல், படித்து முடிக்கும்போது தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் வரும் மாணவர்களையும் நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களில் பலர் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எடுக்கும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பாடங்களை முடித்துவிட்டு, தலைப்பு அமையாமல், பதிவை ஆண்டுக்காண்டு புதுப்பித்துக் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1908 இல் இந்தப் படிப்பைத் தொடங்கியது. அங்கே பின்னர் வேரூன்றிய, ஒரு நிறுவனத்தின் உண்மையான பிரச்சினையை எடுத்து வகுப்பில் விவாதிக்கும் விடய ஆய்வு முறைதான் இன்று எங்கள் வகுப்பறை வரை வந்திருக்கிறது. அந்த முறையில் விரிவுரையாளரைவிட, சுற்றியிருப்பவர்கள் தங்கள் தொழிலிலிருந்து கொண்டுவரும் அனுபவத்துக்கே வேலை அதிகம். பருவகாலக் கடன் என்ற பிரச்சினையோடு ஒரு மாணவி என் வகுப்புக்கு வந்தால், அவருடைய ஆய்வுத் தலைப்பு முதல் நாளே தயார். ஆகவே உவர்மலைக்காரிக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்று நான் சொல்லமாட்டேன். அந்த யோசனையை முதலில் நிறுவனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, அது எங்கே தடைப்படுகிறது என்று அறிந்த பிறகு வந்தால், எந்தப் பாடத்தில் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. படிப்பு தகைமைச் சட்டகத்தின் 9ஆம் மட்டமா 10ஆம் மட்டமா என்று எழுத்தில் கேளுங்கள். பிற்காலத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஆய்வுப் பகுதியுள்ள முதுமாணி அவசியம். பாடநெறி மட்டும் கொண்டது அங்கே போதாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கொழும்பில் நடத்தப்படும் படிப்பென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதை ஆணைக்குழுவிடமே கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் வாக்கியத்தை நம்ப வேண்டாம். ஒன்பது மாதத்தில் முடியும், பரீட்சை இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கொழும்பு மட்டும்தான் என்றும் இல்லை: ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986 இலிருந்து இருக்கிறது, பெயரும் பெரிது, ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் எம்.பி.ஏ. இருக்கிறது. வவுனியா வழியாகப் போய் வருவது கொழும்புப் பயணத்தைவிடச் சற்றுக் குறைந்த தூரம்.

மடத்தடி

வந்தாறுமூலை ஐயா, எனக்குத் தெரிந்திருந்தது என்கிறீர்கள். முதலாம் ஆண்டில் நான் மனிதவளத்துக்குப் போவதாகத்தான் இருந்தேன். கடன் இடர் பக்கம் திரும்பியது இரண்டாம் ஆண்டில். வங்கிக்குள் என்பது மட்டும் உறுதி. அந்த அளவுக்கு உறுதி உவர்மலைக்காரியிடமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் கேள்வியில் ஹோட்டல் வேலையைப் பற்றி அவர் எழுதியது இரண்டு வரி; டிசெம்பர் மாத நிலுவையைப் பற்றி எழுதியது இரண்டு பத்தி.

உவர்மலைக்காரி

மடத்தடி அக்கா, நீங்கள் அப்படி எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. அப்பாவுடனும் அம்மாவுடனும் இருந்து பேசிவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹோட்டல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நிலாவெளி அக்கா சொன்னபடி கேட்டேன்; பருவம் முடிந்த மாதங்களின் சம்பளத்தை எழுத்தில் தர அவர்கள் விரும்பவில்லை. அரசாங்க நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினால் அனுப்புவேன் என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்காக எதையும் நிறுத்தி வைக்கப் போவதில்லை. அவர் முழு மனதோடு ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

எம்.பி.ஏ.வுக்கு இந்த முறை விண்ணப்பிக்கவில்லை. கணக்குக்குறிப்பு ஐயாவின் அட்டவணையை எங்கள் கிளையின் உண்மையான வட்டி வீதத்தோடு மறுபடி போட்டு, கடந்த மூன்று பருவங்களின் நிலுவைப் பதிவையும் சேர்த்து, முகாமையாளரிடம் கொடுத்தேன். அவர் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டும் வசதியை, ஏற்கனவே ஒரு கடனை ஒழுங்காக முடித்தவர்களுக்கு மட்டும் கொடுப்போம் என்றார். எனக்குத் தோன்றாத விடயம் அது. தலைமை அலுவலகம் கேட்கக்கூடிய கேள்விக்கு அதுவே பாதிப் பதில். இப்போது அது பிராந்திய அலுவலகத்தில் இருக்கிறது. அதோடு சேர்த்துக் கொழும்பில் உள்ள கடன் மதிப்பீட்டுப் பிரிவுக்கு மாற்றம் கேட்டும் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

மாற்றம் கிடைத்தால் ஓராண்டு அந்த வேலையைப் பழகிவிட்டு, இரவுப் பயணம் இல்லாமல், ஆய்வுப் பகுதியுள்ள எம்.பி.ஏ.வில் சேருவேன். கிடைக்காவிட்டாலும் அடுத்த முறை விண்ணப்பிக்கத்தான் போகிறேன். ஆனால் அப்போது அது இந்த நிறுவனத்தை விட்டு வேறொரு வங்கிக்குப் போவதற்கான படிப்பாக இருக்கும், அதற்கேற்ற இடத்தையும் பாடத்தையும் தெரிவு செய்வேன். எப்படியென்றாலும் அம்மாவின் நகை வெளியே போகாது. இன்றிலிருந்து மாதாமாதம் ஒரு தொகையை நிலையான வைப்பில் போடப் போகிறேன். முதல் தவணைக் கட்டணமாவது அதிலிருந்து வரட்டும்.

கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் ஏற்கும் திட்டம் ஒன்று இருப்பதாகப் பிராந்திய அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதைப் பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா?

கணக்குக்குறிப்பு

முகாமையாளரின் திருத்தம் நல்ல திருத்தம். அவரோடு இருந்து பழகுங்கள்.

மடத்தடி

ஓராண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டாக்கிவிடாதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

நிறுவனம் பணம் கட்டும் திட்டங்களில் பிணைமுறி ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், அந்தக் காலம் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தா பட்டம் கிடைத்த நாளிலிருந்தா எண்ணப்படுகிறது, இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டுமா அல்லது மிஞ்சிய காலத்துக்கு உரிய பங்கையா, ஆய்வு பிந்தினால் பிணைக்காலமும் நீளுமா என்ற நான்கையும் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பிணையாளியாகக் கேட்டால் அப்பாவின் ஓய்வூதியத்தைக் காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டாம். வரைவு கையில் கிடைத்ததும், நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு அந்தப் பத்தியை இங்கே போடுங்கள், வாசித்துச் சொல்கிறேன்.